மஞ்சள் டப்பாவும் மரவாத்தும்

ரைன் பேராறு நனைக்கும் குடபுலக் குளிர்நாட்டிலே, கார்ல்ஸ்ரூஹே மாநகரின் தென்பால், மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் மூச்சு வாங்க வீற்றிருப்பவன். வார நாள்களில் ஆராய்ச்சிக்கூடத்து அளவுக்கருவிகளைப் பொய் பேசாதபடி திருத்தி வைப்பவன். ஞாயிறுதோறும் ரிவால்வர் ஏந்திக் காகிதம் என்னும் பகைக்குலத்தைக் கருவறுக்கப் புறப்பட்டு, பெரும்பாலும் அதன் வெள்ளை ஓரத்தை மட்டும் காயப்படுத்தித் திரும்புபவன். கொசுவைக்கூட அடிக்காமல் ஜன்னலைத் திறந்து வழியனுப்பும் அருளாளன். மயிலை தந்த மறவன், தயிர்சாதம் வளர்த்த தோளன், வேதவல்லியின் மணாளன் வாசுதேவன் வாழ்க. அவன் மூக்குக்கண்ணாடி வாழ்க. குறிபார்க்கும் கணத்தில் அது நழுவிவிடும் வழக்கத்தை என்றாவது கைவிட்டு, நீடு வாழ்க.

இக்காதைக்குக் காப்பாக எந்தத் தெய்வத்தை அழைப்பதென்று தெரியவில்லை. கலைமகளை அழைக்கலாம் என்றால், அவளுடைய வாகனத்தின் பேரால் ஏற்கெனவே ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நகரத்துக்கு அப்பால், ஸ்பார்கல் என்னும் வெள்ளைத் தண்டு விளையும் மணல் வயல்களைத் தாண்டி, பைன் மரங்களின் நிழலில் ஒரு துப்பாக்கிச் சங்கம் உண்டு. அங்கே தச்சர்களும் தபால்காரர்களும் பல் வைத்தியர் ஒருவரும், வயிறு முன்னே செல்லத் தாம் பின்னே சென்று, காகித வட்டங்களைச் சுட்டுவிட்டுப் பியர் குடிப்பர். அவர்களுக்கென்று ஒரு மரபு. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்தே திங்களன்று நடக்கும் ஆண்டுப் போட்டியில் முதலில் வருபவனுக்கு ஒரு மாலை; அது மறுநாளே வாடிவிடும். கடைசியில் வருபவனுக்கு ஒரு மரவாத்து, அது வாடுவதில்லை. நீண்ட கழுத்தும், ஒருபுறம் சாய்ந்த பார்வையும், எதையோ கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பது போன்ற அலகும் உடைய அந்த வாத்தை, தோற்றவன் தன் வரவேற்பறையில், வருவோர் போவோர் கண்ணில் படும்படி, அடுத்த போட்டிவரை வைத்திருக்க வேண்டும். தொடர்ந்து நான்கு முறை ஒருவனே கடைசியில் வந்தால் வாத்து அவனுக்கே ஆயுள் உரிமை. அவன் பெயரைச் சங்கத்தின் ஓக் பலகையில் சூடு போட்டுப் பொறித்துவிட்டுச் சங்கம் புது வாத்து வாங்கிக்கொள்ளும்.

நம் வீரன் மூன்று முறை கடைசியில் வந்திருந்தான்.

மூன்று ஆண்டுகளாக அந்த வாத்து வேதவல்லியின் வரவேற்பறையில், டெலிபோன் இருந்திருக்க வேண்டிய முக்காலியின்மேல் கொலுவீற்றிருந்தது. டெலிபோன் தரையில் கிடந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் வேதவல்லி குனிந்தாள். குனியும்போதெல்லாம் வாத்து அவளை மேலிருந்து பார்த்தது. இதையும் அவள் பொறுத்திருப்பாள். சென்ற நவராத்திரியில், படிகட்டும் அவசரத்தில் யாரோ அதைக் கொலுவின் கீழ்ப்படியில் இறக்கி வைக்க, சுண்டலுக்கு வந்திருந்த மல்லிகா மாமி அதைச் சரஸ்வதியின் அன்னம் என்று கருதிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நெற்றியில் குங்குமமும் இட்டுவிட்டாள். "ஊர்லேர்ந்து வரவழைச்சேளா? என்ன ஒரு களை முகத்துல" என்றாள். வேதவல்லியால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, தன் கணவன் கடைசியில் வந்த கதையையும் சொல்ல முடியவில்லை. விருந்தாளிகள் போனபின் துணியால் தேய்த்தாள். மரம் குங்குமத்தைக் குடித்திருந்தது. போகவில்லை.

அன்று அந்த வீரபத்தினி, கையில் ஈரத்துணியோடு, வெண்கலக் குத்துவிளக்கின் முன்னிலையில் வஞ்சினம் கூறினாள்:

"ஏன்னா, இந்த வருஷமும் நீங்க கடைசின்னா, ஒண்ணு இந்தாத்துல வாத்து இருக்கும், இல்லேன்னா நான் இருப்பேன். யோசிச்சுக்கோங்கோ."

வாசுதேவன் யோசித்தான். தோல்விக்குக் காரணம் தன் கையன்று, கண்ணன்று, நழுவும் கண்ணாடியும் அன்று என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் மருந்தே காரணம் என்னும் பேருண்மையை எட்டினான். அவன் கடைத் தோட்டாவைத் தொடுபவன் அல்லன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, துடைத்து, புதிய வெடிமருந்தை அளந்து நிரப்பி, ஈயக்குண்டைப் பொருத்தி மறுபிறவி கொடுக்கும் பிரம்மன். அதற்கென வகுப்பில் அமர்ந்து, தேர்வெழுதி, அரசாங்க அனுமதியும் பெற்றவன். இந்தப் படைப்புத் தொழிலில் அவன் உள்ளம் கவர்ந்த மருந்து மஞ்சள் டப்பாவில் வருவது. கடுகினும் சிறிய, கரிய, ஒரே அளவினதாய் உருளும் மணிகள். சென்ற ஆண்டு வேறொன்றைப் போட்டதால்தான் தோற்றோம், இந்த ஆண்டு மஞ்சளே கதி என்று முடிவு செய்தான். முடிவு செய்த அந்த வாரமே மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்தது.

எங்கோ ஓர் ஆலையில் எந்திரமொன்று நின்றுபோனதாம். சங்கத்தில் அந்தச் செய்தி பரவியபோது எழுந்த ஓலத்தை என்னென்பது. தச்சர்கள் நிலவறைகளைப் பூட்டினர். நேற்றுவரை ஒருவன் தொடையில் மற்றவன் தட்டிச் சிரித்த தோழர்கள், 'உன்னிடம் மிச்சம் உண்டா' என்று கேட்டுவிடுவானோ என்று ஒருவர் கண்ணை மற்றவர் தவிர்த்தனர். பல் வைத்தியர் தன்னிடம் ஒரு மணிகூட இல்லை என்று கேட்காமலே அறிவித்தார்; அவரிடம்தான் அதிகம் இருந்தது என்பது எல்லோருக்கும் அன்றே தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் ஆயுதக் கடைத் தலைவி, தூண்டில்களுக்கும் தோட்டாக்களுக்கும் ஒருங்கே அரசி, ஃப்ராவ் ஸ்டைன்லே, தொலைபேசியில் வாசுதேவனிடம் திருவாய் மலர்ந்தாள்: சனிக்கிழமை ஒரே ஒரு மஞ்சள் டப்பா வருகிறது, யாருக்கும் எடுத்துவைக்கும் வழக்கம் தன்னிடம் இல்லை, கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும், முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளலாம்.

முன்னோர் உழிஞை சூடி மதிலை வளைத்தனர் என்பர். வாசுதேவன் கம்பளித் தொப்பி சூடிக் கடையை வளைத்தான். மே மாதம்தான், ஆனாலும் அவனுக்குக் குளிரும். அவனோடு துணைப்படையாய் வந்தவன் யோகலிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாய் வந்து, விண்ணப்பம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதியின்றி அகதிகள் விடுதியில் நாளை ஓட்டிக்கொண்டிருந்த இளைஞன். மாதமொருமுறை விடுதிக்கு அரிசி மூட்டை வாங்க வாசுதேவனின் கார்தான் அவனுக்குத் தேர். அன்று அரிசிக்கு முன் மருந்து என்று வழியில்தான் அவனுக்குச் சொல்லப்பட்டது.

மணி ஒன்பது. கடையின் இரும்புத்திரை கடகடவென்று மேலேறியது. கண்ணாடிக்குப் பின்னே, தட்டின் நடுவே, மூலஸ்தானத்துத் தெய்வம்போல் ஒற்றை மஞ்சள் டப்பா ஒளிவீசிற்று. எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்ற வாசுதேவன் அதைக் கண்ணாரக் கண்டான். கண்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அண்ணை, கடை திறந்திட்டுதெல்லோ" என்றான் யோகலிங்கம்.

"தெரியறது."

"பிறகேன் நிக்கிறியள்?"

"ராகு காலம். பத்தரை வரைக்கும் இருக்கு. முக்கியமான பர்ச்சேஸ் எதுவும் இப்போ பண்ணப்படாது. போன தடவை பார்க்காம வாங்கினேன். என்ன ஆச்சு? வாத்து ஆத்தோட இருக்கு."

யோகலிங்கம் கடையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். பிறகு, "நான் பிளேன் ஏறினதும் ராகு காலம்தான் அண்ணை" என்றான். "ஏஜென்சிக்காரன் அந்த நேரத்துக்குத்தான் ஏத்தினவன். ராகு காலம் முடியுமட்டும் நில்லுங்கோ எண்டு ஆமிக்காரனும் சொல்லேல்லை."

"அது வேற. அது ட்ராவல்."

"ஓம், ஓம். ட்ராவல்." அவன் சட்டைக் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டான். "எனக்கு விளங்காதது ஒண்டுதான். அங்கை நாங்கள் வெடிச்சத்தம் வேண்டாமெண்டு சொத்தை வித்துப்போட்டு ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்சை காசு கட்டிச் சேர்ந்து, மருந்துக்கு வரிசையில நிக்கிறியள். அதுவும் கடைக்கு எதிர்ப்பக்கத்தில."

 தெருமுனையில், முதுகு வளையாத சைக்கிளில், கால்சட்டையைக் கணுக்காலில் கவ்வியால் இறுக்கிக்கொண்டு, நம் வீரனுடைய பரம வைரி தோன்றினான்.

அந்த வைரியின் பெயர் ஹெர் கிரைட்லர். ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்று ஆண்டுகளாகச் சங்கத்தில் கடைசிக்கு முந்தின இடம் அவருடையது. முதலிடத்துக்காக மோதியவர்களின் பகையை உலகம் பாடியிருக்கிறது. கடைசிக்கு முந்தின இடத்துக்காக மோதியவர்களின் பகை அதனினும் கொடியது. அதில் தோற்பவனுக்குப் பின்னால் ஒதுங்க இடமில்லை. முப்பது ஆண்டுகள் நாய்களிடம் கடிபட்டும் தளராத அந்தக் கால்கள் கடை வாசலில் நின்றன. தூண்டில் முள் வாங்க வந்தவர் அவர். மருந்தைப் பற்றி அவருக்கு எண்ணமே இல்லை. அவருக்கென்று ஒரு பச்சை டப்பா வீட்டில் பாதி இருந்தது. ஆனால் எதிர்ப்புறத்தில் ஓர் இந்தியன், கைகளை மார்போடு சேர்த்து, இமைக்காமல், கடைக்குள் எதையோ வழிபட்டு நிற்பதைக் கண்டார். அவன் பார்வை போகும் கோட்டைத் தபால்காரருக்கே உரிய திறத்தோடு தொடர்ந்து சென்று, அது முடியும் முகவரியைப் படித்தார்.

உள்ளே போனார். வெளியே வந்தார். கையில் மஞ்சள் டப்பா.

"காலை வணக்கம், ஹெர் வாசுதேவன்" என்று தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தார். "யாருக்காகவோ காத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் தொந்தரவு செய்யவில்லை."

மணியை அடித்துக்கொண்டு போனார்.

யானை இழந்த வேந்தனும், ஆழி கவர்ந்த கப்பலின் வணிகனும், பந்தியில் தன் இலைக்கு முந்தின இலையோடு பாயசம் தீர்ந்ததைக் கண்டவனும் ஒரு கணம் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றான் வாசுதேவன். இப்போதாவது உள்ளே ஓடுவான் என்று யோகலிங்கம் பார்த்தான். ஓடவில்லை. விரதத்தைப் பாதியில் முறிப்பவனா அவன். பத்தரையைத் தாண்டக் கடிகாரத்தை விட்டு, பின் தெருவைக் கடந்து, வலக்காலை முன்வைத்து, ஒன்றுமில்லாத கடைக்குள் நுழைந்தான்.

ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. நான்கு டப்பாக்கள் இருந்தன.

இங்கேதான் சுயம்வரம். தட்டில் நால்வர் வரிசையாக வீற்றிருக்க, மாலைக்குப் பதில் கைப்பையைத் தொங்கவிட்டு நம் வாசுதேவன் நாணி நிற்க, தோழியின் இடத்தில் ஃப்ராவ் ஸ்டைன்லே நின்று ஒவ்வொரு வேந்தனின் குலமும் குணமும் எடுத்துரைத்தாள்.

செம்பட்டு உடுத்தவன் முதல்வன். வேட்டைத் துப்பாக்கிகளின் குலதெய்வம். இவன் அவசரப்பட்டு எரிபவன் அல்லன்; நெடிய குழாய் முழுவதும் ராஜநடை நடந்து எரிபவன். ரிவால்வரின் குட்டைக் குழாயில் விட்டாலோ பாதி வழியில் வாசல் வந்துவிடும். எரியாத மணிகள் தாளிப்பில் தப்பிய கடுகுபோல் மேசையெங்கும் தெறிக்கும், தீநாக்கு முன்னே நிற்பவன் மீசையைக் கேட்கும். வாசுதேவன் தலையை அசைத்தான். தோழி அடுத்தவனிடம் நகர்ந்தாள்.

கருப்பு டப்பாக்காரன் வயதில் மூத்தவன். பீரங்கி காலத்துப் பெருங்கிழவன். ஒரு வெடி வெடித்தால் மேகம் கவியும், அழுகிய முட்டை நாறும், சுட்ட குறி எங்கே என்று சுட்டவனே தேட வேண்டும். குறி தெரியாமல் போவது தனக்கு நன்மைதானே என்று ஒரு கணம் நம் வீரன் மயங்கியதுண்டு. ஆனால் அந்தக் கிழவன் இந்த ரிவால்வருக்குரியவன் அல்லன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பச்சை டப்பா கிரைட்லரின் வழக்கமான மருந்து. முன்கோபி. ஒரு சிட்டிகையிலேயே முழுக் கோபமும் காட்டுவான். அதுவே ஆபத்து. கூட்டின் அடியில் சர்க்கரைபோல் கொஞ்சமாய்க் கிடப்பதால், கை தவறி இருமுறை போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. ரிவால்வர் கண்டுபிடித்துச் சொல்லும், கையோடு சேர்த்து. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடிவரை இறங்கி, பூட்டினோமா என்று மறுபடி ஏறிப் பார்க்கும் இயல்பினனான வாசுதேவனுக்கு இவனோடு குடும்பம் நடத்த முடியாது.

எஞ்சியவன் நீலன். பறவை சுடும் துப்பாக்கிக்கென்று பிறந்தவன், ஆனால் வாசுதேவன் கையோடு கொண்டுவந்திருந்த மருந்தளவுக் கைநூலில் அவன் ரிவால்வருக்கும் உரியவன் என்று அச்சிட்டிருந்தது. அழகில்லை. அவல்போல் தட்டையாய், உப்பலாய், ஒன்றோடொன்று ஒட்டி, அளவுக்குழாயில் இறங்க மறுத்து மாமனார் வீட்டு மாப்பிள்ளைபோல் முரண்டு பிடிப்பான். புகைப்பான். அழுக்குச் சேர்ப்பான். ஆனால் கூட்டை நிறைத்து நிற்பான். இருமுறை போட்டால் வழிந்து தரையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடுவான். அழகனை இழந்த மங்கை நல்லவனுக்குக் கழுத்தை நீட்டுவதுபோல், வாசுதேவன் நீலனுக்குப் பணத்தை நீட்டினான்.

"முடிஞ்சுதோ?" என்றான் வெளியே நின்ற யோகலிங்கம். "அரிசிக்கடை சனிக்கிழமை வெள்ளெனப் பூட்டிப்போடும் அண்ணை."

பின்வந்த மாலைகளில் அந்த நான்காம் மாடி தவச்சாலையாயிற்று. நீலன் அளவுக்குழாயில் இறங்காததால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் சிறு கரண்டியால் அள்ளி, தராசிலிட்டு, ஒரு செதில் எடுத்து, அரைச் செதில் போட்டு நிறுக்க வேண்டியிருந்தது. அடுப்பு எரியலாகாது, ஆகவே சூடான சோறில்லை. மிக்ஸி ஓடினால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் தராசு நடுங்கும், ஆகவே சட்னியில்லை. வேதவல்லி சமையலறை வாசலில், கையில் தேங்காய் மூடியோடு, போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாயைப்போல நின்றாள்.

"ஏன்னா, எத்தனை நாளைக்கு ஆறின தயிர்சாதம்?"

"பெந்தகோஸ்தே வரைக்கும்."

"காகிதத்துல ஓட்டை போடறதுக்கு. ஆபீஸ்ல பஞ்சிங் மெஷின் இல்லையா உங்களுக்கு?"

 அவன் கைநூலின் முன்னுரையில் ஆழ்ந்திருந்தான். எத்தனையோ முறை தாண்டிப்போன அந்தப் பக்கத்தை, அன்று தராசு நிலைகொள்ளக் காத்திருந்த இடைவெளியில், முதன்முதலாகப் படித்தான். அதில் எழுதியிருந்தது இதுதான்: இந்த அட்டவணையிலுள்ள அளவுகள் எங்கள் சோதனைத் துப்பாக்கியின் குழாயில், எங்கள் இடத்தில் கண்டவை, உங்கள் இடத்துக்கும் உங்கள் குழாய்க்கும் அவை அப்படியே பொருந்தும் என்று கொள்ளாதீர், நீங்களே அளந்து அறிக.

சரிதானே என்று தலையாட்டினான். தன் பிழைப்பே அதுதானே. எங்கோ அளந்த கருவியை இங்கே கொண்டுவந்தால் இங்கே திருத்தாமல் நம்பலாகாது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவன் அவன். தலையாட்டி நிமிர்ந்த பார்வை எதிர்ச்சுவரில் முட்டியது. அங்கே மயிலாப்பூர் மளிகைக் கடையின் தினக்காலண்டர் தொங்கிற்று. சனி, ராகு காலம், ஒன்பது முதல் பத்தரை.

பொழுது விடிவதிலிருந்து சாய்வதுவரை எட்டாகப் பகுத்தால் சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு ராகுவினுடையது. ஆறுக்கு விடிந்து ஆறுக்கு அடையும் மயிலாப்பூருக்கு அந்தக் கணக்கு. இங்கேயோ இந்த மாதத்தில் சூரியன் ஐந்தரைக்கே வந்து, இரவு ஒன்பது தாண்டியும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். வாசுதேவன் கரண்டியைக் கீழே வைத்தான். பென்சிலை எடுத்தான். கழித்தான், எட்டால் வகுத்தான், கூட்டினான். வியர்த்தான்.

கார்ல்ஸ்ரூஹேயின் ராகு அன்று ஒன்பதரை வாக்கில்தான் படுக்கையிலிருந்து எழுந்திருக்கிறான். கடை திறந்த நேரம் மாசு மறுவற்ற நேரம். கிரைட்லர் மணியடித்துக்கொண்டு போன நேரமும் அப்படியே. தான் வலக்காலை முன்வைத்து நுழைந்த அந்தப் பத்தரையிலோ, ராகு தன் அரியாசனத்தின் சரியான நடுவில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"வேதா" என்றான் ஈனக்குரலில். "காலண்டர் மெட்ராஸ் கணக்கு."

"காலண்டர் மெட்ராஸ்லேர்ந்துதானே வந்தது" என்றாள் அவள். "வேற எந்தக் கணக்கா இருக்கும்?"

இப்படியாக மருந்தும் போய், முகூர்த்தமும் போய், சட்னியும் போன நிலையில், போர்நாள் வந்தது.

பெந்தகோஸ்தே திங்கள் பிற்பகல். பைன் மரங்கள் அசையவில்லை. வாத்து, யோகலிங்கத்தின் மடியில், காரின் பின்னிருக்கையில், நெற்றியில் குங்குமத்தோடு வந்திறங்கிற்று. தோற்றவன்தான் அதைக் களத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது மரபு. வேதவல்லி வரவில்லை, வாத்து திரும்பி வந்தால் மணியடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள், இருவரையும். யோகலிங்கமும் களத்துக்குள் வர மறுத்தான். "கேக் தருவினம் எண்டுதான் வந்தனான். சத்தம் கேட்டால் என்ரை கால் என்னைக் கேளாமல் ஓடும்" என்று சொல்லிவிட்டு, பியர் மேசைகளின் கடைசியில், வாத்தைப் பக்கத்தில் இருத்தி, இரண்டு காதிலும் விரலைக் கொடுத்து அமர்ந்தான்.

தும்பை சூடிப் பொருதனர் இரு பெரும் வேந்தரும் என்று சொல்ல வேண்டிய இடம் இது. காதில் பஞ்சடைத்து, கண்ணாடிமேல் கண்ணாடி மாட்டி, வாசுதேவனும் கிரைட்லரும் அடுத்தடுத்த மேசைகளில் நின்றனர். கொம்பூதவில்லை, சங்கத் தலைவர் விசிலூதினார். வெடித்தது நீலன். புகைந்தான், அழுக்கைக் கக்கினான், அடுத்த மேசைவரை நாறினான், ஆனால் ஒவ்வொரு முறையும் நிறுத்த நிறைக்குத் துரோகமின்றி எரிந்தான். இடி இடித்தாற்போல், மின்னல் கிழித்தாற்போல், ஒவ்வொரு குண்டும் பகைவனின் உயிர்நிலையை நாடிப் பறந்தது. பாதி வழியில் மனம் மாறி, சில ஏழாம் எண் வட்டத்திலும் சில ஐந்திலும் ஒன்று இலக்குக் காகிதத்தைத் தாங்கிய மரச்சட்டத்திலும் பாய்ந்தன. கண்ணாடி இருமுறை நழுவியது.

கிரைட்லரின் மேசையில் மஞ்சள் டப்பா ஒய்யாரமாய் நின்றது. ஒன்பது ஆண்டுகளாகப் பச்சையை எரித்துப் பச்சைக்கென்றே குறிமுனை திருத்திய துப்பாக்கி அவருடையது. அதில் வாசுதேவனின் பக்தியை மட்டுமே சான்றாகக் கொண்டு, களத்தில் ஒருமுறைகூடச் சுட்டுப் பாராமல், மஞ்சளை நிரப்பி வந்திருந்தார். மஞ்சள் அழகாகவே எரிந்தது. புகையில்லை, அழுக்கில்லை. குண்டுகளெல்லாம் ஒரே இடத்தில், கூட்டைவிட்டுப் பிரியாத குருவிகள்போல் நெருங்கி நெருங்கி விழுந்தன. அந்த இடம் மட்டும் நடுவட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கிரைட்லர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

மாலையில், பியர் பீப்பாயின் மேல் ஏறி நின்று, பேருரு கொண்ட சங்கத் தலைவர் முழங்கினார்: "தோழர்களே, ஹெர் வாசுதேவன் சென்ற ஆண்டு எடுத்த அதே புள்ளிகளை, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், இந்த ஆண்டும் எடுத்திருக்கிறார். அதற்கு முந்தின ஆண்டும் அதேதான். இவ்வளவு நிலையான கையை இச்சங்கம் கண்டதில்லை. அவருக்கும் கீழே, இரண்டு புள்ளி வேறுபாட்டில், நம் அருமை கிரைட்லர்."

கரவொலி எழுந்தது. வாசுதேவனுக்கு முதலில் விளங்கவில்லை. மருந்து மாறியும், தராசு நடுங்காமல் காத்தும், சட்னியைத் துறந்தும், எடுத்தது அதே புள்ளிதானா என்று ஒரு கணம் நெஞ்சு வலித்தது. அடுத்த கணம் மற்றதும் விளங்கியது. பியர் மேசையின் கடைசியிலிருந்து யோகலிங்கம், ஒரு கையில் கேக்கும் மறுகையில் வாத்துமாக நடந்துவந்து, கிரைட்லரின் முன் நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் திரட்டி, இந்தாருங்கள் என்னும் பொருளில் "பிற்ற" என்றான்.

கிரைட்லர் வாத்தை வாங்கினார். அதன் நெற்றியை உற்றுப் பார்த்தார். "ஹெர் வாசுதேவன், யாரோ இதைச் சரியாக நடுவில் சுட்டிருக்கிறார்கள்."

"என் மனைவியின் தோழி" என்றான் வாசுதேவன்.

தபால்காரர் மரியாதையோடு தலையசைத்தார். பிறகு சற்றுத் தயங்கி, "அந்தச் சனிக்கிழமை எதற்காகத்தான் தெருவில் நின்றீர்கள்?" என்று கேட்டார். எட்டால் வகுப்பதையும் பாம்பு சூரியனை விழுங்குவதையும் ஜெர்மன் மொழியில் விளக்க வாசுதேவன் வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

வாகை சூடி வந்தவனை வேதவல்லி வாசலில் எதிர்கொண்டாள். முதலில் அவன் கைகளைப் பார்த்தாள், பிறகு யோகலிங்கத்தின் கைகளை, பிறகு மாடிப்படியையும் எட்டிப் பார்த்தாள். எங்கும் வாத்தில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். மிக்ஸி முழங்கிற்று. அந்த முழக்கத்தின் ஊடே பெருவாதம் ஒன்று மூண்டது: மெட்ராஸ் கணக்குப்படி ராகு காலத்தில் வாங்கியவன் தோற்றான், ஆகவே காலண்டரே சரி என்று அவள் சாதிக்க; கார்ல்ஸ்ரூஹே கணக்குப்படி ராகுவின் மடியிலேயே வாங்கியவன் வென்றான், ஆகவே ராகுவுக்கு இந்த ஊரில் அதிகாரமே இல்லை என்று அவன் சாதிக்க; யோகலிங்கம் மூன்றாவது தோசையைச் சட்னியில் தோய்த்தபடி, "தபால்காரன் துவக்கின்ரை குறியைத் திருத்தாமல் சுட்டவன், அவ்வளவுதான் அண்ணை" என்று சொல்ல; அதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளாமல், கடலிரண்டு மோதினாற்போல், களிறிரண்டு முட்டினாற்போல், தேங்காய்ச் சட்னி தீரும்வரை அந்நெடும்போர் நடந்தது.

மறுநாள் டெலிபோனை எடுத்து முக்காலிமேல் வைத்தார்கள்.